வலுவைக் கூட்டாமல் பந்தைத் தூரம் அனுப்புவது

கோல்ஃப் பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான். பந்து எவ்வளவு தூரம் போகும், எந்தப் பக்கம் வளையும், எதிர்க்காற்றைக் கிழிக்குமா அல்லது அதில் சிக்கி மேலே ஏறி நிற்குமா என்பதெல்லாம் அந்தச் சிறு பொழுதிலேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் பயிற்சி மைதானத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். எல்லோருடைய கவனமும் பந்து போய் விழும் இடத்தில்தான் இருக்கிறது. மட்டையின் முகத்தில் பந்து எங்கே பட்டது என்று குனிந்து பார்ப்பவர் அரிது. என் ஆட்டம் மாறியது அப்படிக் குனிந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கோயம்புத்தூர். தொழில் பம்பு செட். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செட்டிபாளையம் மைதானம். ஐம்பதைத் தாண்டிய பிறகு பந்தின் தூரம் குறையத் தொடங்கியது. 7 அயர்னால் எட்டிய கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) 6 அயர்ன் தேவைப்பட்டது, பிறகு 5. அயர்ன் மட்டைகளில் எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும். வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஏனென்றால் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் ஒருவர் என்னுடன் ஆடுகிறார். மெலிந்த உடம்பு, முழங்காலில் வலி. அவருடைய பந்து என் பந்தைத் தாண்டித்தான் விழும். வலு அவரிடம் இல்லை என்றால் தூரம் வேறெங்கிருந்தோ வருகிறது என்றுதானே பொருள்?

பம்புத் தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பெரிய மோட்டாரை மாட்டிவிட்டால் தண்ணீர் கூடும் என்று நினைக்கிற விவசாயியிடம் நாங்கள் முதலில் கேட்பது, இப்போது ஓடுகிற மோட்டார் தின்னும் மின்சாரத்தில் எவ்வளவு தண்ணீராக மாறி வெளியே வருகிறது என்பதைத்தான். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்திருந்தால் மோட்டாரை மாற்றி என்ன பயன்? கோல்ஃப் வீச்சிலும் அதே கணக்கு இருக்கிறது. பந்து புறப்படும் வேகத்தை மட்டைத் தலையின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு ‘ஸ்மாஷ் ஃபேக்டர்’ என்று பெயர். அதிக தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரில் இது ஏறத்தாழ 1.5 வரை போகும். அதுதான் உச்சவரம்பு போல. 7 அயர்னில், முகம் சாய்ந்திருப்பதால், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே சுமார் 1.33தான் கிடைக்கும்.

இந்த எண் என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மட்டைத் தலையை மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிற ஒருவர் 1.4 என்ற அளவில் அடித்தால் பந்து 203 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும். அதே வீச்சில் நடு முகத்தில் பட்டு 1.5 கிடைத்தால் 217 கிலோமீட்டர் வேகம். வித்தியாசம் தரையில் ஏறக்குறைய இருபது யார்டு. நடுவில் படாமலே இந்த இருபது யார்டைப் பெற வேண்டுமென்றால் வீச்சின் வேகத்தை 155 கிலோமீட்டருக்கு உயர்த்த வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அந்தப் பத்து கிலோமீட்டரை உடம்பிலிருந்து பிழிந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். முதுகுதான் முதலில் பதில் சொல்லும்.

அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடும் பெண்கள் டிரைவரைச் சராசரியாக மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார்கள். நம் கிளப்புகளில் ஆடும் சுமாரான ஆண்களின் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அந்தப் பெண்களின் பந்து நம்மைத் தாண்டி வெகுதூரம் போகிறது. அவர்கள் நடு முகத்தில் அடிக்கிறார்கள், டீ என்னும் சிறு முளையின் மேல் இருக்கும் பந்தைச் சற்றே மேல்நோக்கிய பாதையில் சந்திக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021ஆம் ஆண்டு, அதிதி அசோக் ஒரே ஒரு மட்டையடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தார். அந்தப் போட்டியில் டிரைவரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு அடியிலும் பந்தை எங்கே தொட வேண்டுமோ அங்கே தொட்டே அவர் அந்த இடத்துக்குப் போனார். அந்த நான்கு நாட்களை நான் பெருமிதத்தோடு நினைவில் வைத்திருக்கிறேன்.

மைதானத்தில் என் பையைத் தூக்கும் கேடி அண்ணன் சிறுவயதிலிருந்தே இந்த வேலையில் இருப்பவர். நான் அடிக்கும்போது அவர் பல நேரம் வேறு பக்கம் திரும்பி நிற்பார். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, “ஹீல் பக்கம் பட்டது சார்” (ஷாஃப்ட் என்னும் தண்டை ஒட்டிய பக்கம்) என்பார், அல்லது “கொஞ்சம் கீழே” என்பார். பார்த்தால் சரியாக இருக்கும். நடுவில் பட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருநாள் அவரே சொன்னார்: “பந்து போகிற பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் சார். நீங்கள் மட்டையைத் திருப்பி முகத்தைப் பாருங்கள்.” நான் பெற்ற பயிற்சியில் இதைவிட மேலான வாக்கியம் எதுவும் இல்லை.

முகத்தைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் போதும். பந்தின் பின்பக்கத்தில் பெரிய பொட்டு அளவுக்கு மை வைத்து, அந்தப் பொட்டு மட்டையைப் பார்க்கும்படி பந்தை வையுங்கள். அடித்ததும் முகத்தில் அடையாளம் பதிந்திருக்கும். பார்த்துவிட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும். ஒரே பந்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு கூடைப் பந்தை அடித்துவிட்டு, அடையாளங்கள் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள். சிதறிக் கிடந்தால் நேரப் பொருத்தத்தில் சிக்கல். ஒரே இடத்தில், ஆனால் நடுவை விட்டு விலகிக் கூடினால் நிற்கும் முறையில் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். பின்னது சீக்கிரம் சரியாகும்.

அந்த அடையாளங்கள் என்ன சொல்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். (வலக்கை ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) டிரைவரில் ஷாஃப்ட் பக்கமான ஹீலில் பட்டால் பந்து வலப்புறமாக வளையும். வெளிமுனையான டோவில் பட்டால் இடப்புறம். மட்டைத் தலை பந்து பட்ட வேகத்தில் திரும்ப, பந்து அதற்கு எதிர்த்திசையில் பல்சக்கரம் போலச் சுழற்சியை வாங்கிக்கொள்கிறது. ஸ்லைஸ், ஸ்லைஸ் (பந்து வலப்புறம் வளைவது) என்று புலம்பிக்கொண்டு கைப்பிடியை மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது ஹீல் அடிதான். முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் பின்சுழற்சி கூடும், பந்து தாழ்வாகப் புறப்பட்டு வீரியம் இழக்கும். நடுவிலிருந்து சற்று மேலே பட்டால் உயர்ந்து புறப்பட்டு, குறைந்த சுழற்சியோடு தூரம் போகும். டிரைவரைப் பொறுத்தவரை நான் விரும்பும் இடம் அதுதான்: நடுவுக்குச் சற்று மேல்.

என் அடையாளங்கள் ஹீல் பக்கம் கூடியிருந்தன. காரணத்தைத் தேடியபோது அது கைகளில் இல்லை, பாதத்தில் இருந்தது. மட்டையை இறக்கும்போது உடம்பின் எடை கால்விரல்களுக்குச் சரிந்தால், இடுப்பு பந்தை நோக்கி நகர்கிறது. மட்டையும் அதே அளவுக்கு வெளியே தள்ளப்படுகிறது. அரை அங்குலம் தள்ளினாலே போதும், நடு முகம் ஹீலாகிவிடும். எடை ஷூ நாடாவின் முடிச்சுக்கு நேர் கீழே இருக்கும்படி நின்று பழகினேன். பிறகு மட்டைத் தலையைவிடச் சற்றே அகலமாக இரண்டு டீக்களை நட்டு, அவற்றின் நடுவே பந்தை வைத்து, இரண்டையும் தொடாமல் அடிக்கிற பயிற்சி. வெளி டீ பறந்தால் ஹீல் பக்கம் போகிறோம், உள் டீ பறந்தால் டோ பக்கம். யாரும் பக்கத்தில் நின்று சொல்லத் தேவையில்லாத பயிற்சி என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

அயர்ன் மட்டைகளில் இன்னொரு கேள்வி சேர்கிறது. மட்டை முதலில் தொடுவது பந்தையா, தரையையா? வீச்சு ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் தாழ்ந்த புள்ளி அயர்னில் பந்துக்கு முன்னால், அதாவது இலக்கின் பக்கம் இருக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் 7 அயர்னை சுமார் நான்கு டிகிரி கீழ்நோக்கி இறக்கித்தான் பந்தைத் தொடுகிறார்கள். பந்து போன பிறகே புல் பெயர்கிறது. தரையை முதலில் தொட்டால் அது ‘ஃபேட்’ அடி. கோடையில் இறுகிக் கிடக்கும் நம் சமவெளித் தரையில் மட்டை உள்ளே இறங்காமல் துள்ளி, பந்தின் நடு வயிற்றில் போய் இடிக்கும். பந்து முழங்கால் உயரத்தில் பாயும். ஆட்டக்காரர் தலையைத் தூக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அவர் தரையைத்தான் முதலில் அடித்திருக்கிறார்.

இதற்கு என் வீட்டில் இருந்த பொருளே கைகொடுத்தது: கோலமாவு. பயிற்சிப் புல்வெளியில், மைதானப் பராமரிப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, இலக்குக்குக் குறுக்காக ஒரு நேர்க்கோடு இடுவேன். கல்மாவு வேண்டாம், அது மட்டையின் முகத்தைக் கீறும். அரிசிமாவு போதும். கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு, பந்தில்லாமல் வீச வேண்டும். புல் பெயர்ந்த தடம் கோட்டுக்கு முன்பக்கம் தொடங்கினால் சரி, பின்பக்கம் தொடங்கினால் தவறு. கோட்டின் நீளத்துக்கு நகர்ந்துகொண்டே வீசினால், முடிவில் தரையே உங்கள் வீச்சின் வரைபடத்தைக் காட்டிவிடும். பந்து இல்லாததால் மனம் பதறாது என்பது கூடுதல் நன்மை. செயற்கைப் பாயில் மட்டும் பயிற்சி செய்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பாய் நமக்குப் பொய் சொல்லும்: நான்கு விரற்கடை பின்னால் இறங்கிய மட்டையும் பாயில் வழுக்கி முன்னேறிப் பந்தை அழகாகத் தூக்கிவிடும். பாயைத் தவிர வேறு வழி இல்லையென்றால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டு அசையாமல் பந்து போக வேண்டும்.

தாழ்ந்த புள்ளியை முன்னால் கொண்டுபோவது கைகளின் வேலை அல்ல. பந்தைத் தொடும் நேரத்தில் உடம்பின் எடை பெரும்பாலும் இடது காலில் இருந்தால் அது தானாக நடக்கும். எடை வலது காலில் தங்கிவிட்டால் எந்தக் கைச்சாமர்த்தியமும் காப்பாற்றாது. எடை எப்போது இடது காலுக்கு வருகிறது? இங்கேதான் நேரப் பொருத்தம் வருகிறது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வீச்சின் வேகம் ஒரே நேரத்தில் எல்லா உறுப்புகளிலிருந்தும் வருவதில்லை. முதலில் இடுப்பு வேகமெடுத்துப் பிறகு தளர்கிறது. அந்த வேகத்தை மார்பு வாங்கிக்கொள்கிறது. மார்பு தளரும்போது கைகள் வாங்குகின்றன. கைகள் தளரும்போது மட்டைத் தலை வாங்குகிறது. ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருந்து, வாங்கி, கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். தோளும் கையும் முந்திக்கொண்டால் மணிக்கட்டு சீக்கிரம் அவிழ்ந்துவிடும், மட்டைத் தலை தன் உச்ச வேகத்தைப் பந்துக்கு முன்பே செலவழித்துவிடும். அடித்தவருக்குப் பலமாக அடித்தது போன்ற உணர்வு இருக்கும். பந்துக்குப் போய்ச் சேர்ந்தது மிச்சம்தான்.

இதை உடனே உணர்ந்துகொள்ள ஒரு வழி உண்டு. டிரைவரைத் தலைகீழாகப் பிடியுங்கள். தலைக்குச் சற்றுக் கீழே ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு கைப்பிடி முனையைக் காற்றில் வீசுங்கள். ‘விர்’ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கே உரத்து ஒலிக்கிறது என்று கவனியுங்கள். வலது தோளுக்கு அருகில் ஒலித்தால் வேகம் வீணாகிவிட்டது. பந்து இருக்க வேண்டிய இடத்திலும் அதற்குச் சற்று முன்னாலும் ஒலிக்க வேண்டும். சத்தத்தை முன்னால் நகர்த்த வேண்டும் என்று மட்டும் நினைத்து வீசுங்கள், எந்த உறுப்பையும் பற்றி யோசிக்காதீர்கள். உடம்பு தானாகவே வரிசையைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இதை நான் பலரிடம் சொல்லி, அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா மைதானங்களிலும் கேட்கும் ஓர் அறிவுரை “மெதுவாக வீசுங்கள்” என்பது. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். மெதுவாக என்று சொன்னதும் மனிதர் பின்வீச்சை நத்தை போல எடுத்துச் செல்கிறார். உச்சியில் போனதும் பொறுமை தீர்ந்து, வெடுக்கென்று இழுக்கிறார். வரிசை முழுவதும் குலைகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீச்சைப் படச்சட்டம் படச்சட்டமாக எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. பின்வீச்சுக்கு ஆகும் நேரம், அங்கிருந்து பந்தைத் தொடும் வரை ஆகும் நேரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நொடிக்கு 30 சட்டங்கள் ஓடும் வீடியோவில் சிலருக்கு 21க்கு 7, சிலருக்கு 24க்கு 8, சிலருக்கு 27க்கு 9. ஆளுக்கு ஆள் மொத்த வேகம் மாறுகிறது, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் பெரிதாக மாறுவதில்லை. நேரமாகச் சொன்னால் பின்வீச்சுக்கு முக்கால் நொடி, இறக்கத்துக்குக் கால் நொடி. இது மெதுவான வீச்சே அல்ல. பெரும்பாலான வாரக்கடைசி ஆட்டக்காரர்களின் பின்வீச்சு இதைவிட மெதுவானது.

என் மகள் மிருதங்கம் கற்றவள். என் வீடியோவைக் காட்டி இந்த விகிதத்தை அவளிடம் சொன்னபோது, அவள் தொடையில் தட்டிக்கொண்டே, “இது சதுஸ்ரம்தானே அப்பா, நாலு எண்ணிக்கை. தகதிமி சொல்லிக்கொண்டே மட்டையை எடுங்கள், அடுத்த ‘த’வில் அடியுங்கள்” என்றாள். நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். துல்லியமாகப் பொருந்துகிறது. ‘த’ என்னும்போது மட்டை பின்னால் கிளம்புகிறது. ‘க’, ‘தி’ கடந்து ‘மி’ வரும்போது உச்சி. அடுத்த ‘த’ பந்து. மூன்று இடைவெளி பின்னால், ஓர் இடைவெளி முன்னால். பந்தைத் தொடுவது தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழுகிறது.

கைப்பேசியில் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கி, நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் மட்டை கிளம்பி, அடுத்த தட்டில் பந்தைத் தொட வேண்டும். நடுவில் தகதிமி ஓடட்டும். நிதானமான உடம்புக்காரர்களுக்கு 50 தட்டு பொருந்தும், துடிப்பானவர்களுக்கு 64 வரை போகலாம். எது உங்களுக்குரியது என்பதை மார்க்கர் அடையாளம் சொல்லும்: எந்தத் தட்டில் அடையாளங்கள் நெருங்கிக் கூடுகின்றனவோ அதுதான் உங்கள் காலம். எனக்கு 56. சரிபார்க்க நினைப்பவர்கள், நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோ வசதி உங்கள் கைப்பேசியில் இருந்தால், அதில் எண்ணிப் பாருங்கள். பின்வீச்சு 180 சட்டங்களுக்கும் இறக்கம் 60 சட்டங்களுக்கும் அருகில் இருந்தால் 60 தட்டில் ஆடுகிறீர்கள் என்று பொருள். சிப்பிங் போன்ற குறுகிய அடிகளின் கணக்கு வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தாளம் பிடிபட்ட பிறகும் ஓர் இடம் மட்டும் வழுக்கும். உச்சியில், ‘மி’க்கும் ‘த’வுக்கும் நடுவில். கைகள் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடுப்பு முன்னால் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை. இதைப் படித்துவிட்டுச் செய்ய முயன்றால் உடம்பு முரண்டு பிடிக்கும். காலடி எடுத்துவைத்துச் செய்தால் தானாக வரும். இரண்டு கால்களையும் சேர்த்து நின்று மட்டையைப் பின்னால் எடுங்கள். அது உச்சியை நெருங்கும்போது இடது காலை இலக்கை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்து, பிறகு வீசுங்கள். கால் தரையில் பதிந்த பிறகே மட்டை இறங்க முடியும் என்பதால் வரிசை தவற வழியில்லை. முதலில் பந்தில்லாமல், பிறகு டீயில் வைத்த பந்தோடு.

இந்த ஊன்றலைப் பெரிய ஆட்டக்காரர்களிடமே பார்க்கலாம். பதினெட்டு முதன்மைப் பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லாஸ் பின்வீச்சில் இடது குதிகாலைத் தரையிலிருந்து தூக்குவார். அதை மீண்டும் ஊன்றுவதுதான் அவருடைய இறக்கத்தின் தொடக்கம். பிற்காலப் பயிற்றுநர்கள் பலர் குதிகாலைத் தரையோடு ஒட்டிவைக்கச் சொன்னார்கள். இளைஞர்களின் இடுப்புக்கு அது சரி. நாற்காலியில் அமர்ந்தே முப்பது வருடம் வேலை பார்த்த இடுப்புக்கு அது தண்டனை. குதிகாலைத் தாராளமாகத் தூக்குங்கள். முதுகுக்கும் நல்லது, தாளத்துக்கும் நல்லது.

கைப்பிடி இறுக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: மட்டை விரல்களில் இருக்கட்டும், உள்ளங்கையில் அல்ல. முன்கை நரம்புகள் புடைத்திருந்தால் மணிக்கட்டு தன் முறைக்கு அவிழாது. பந்தை நெருங்கும்போது இறுக்கம் தானாகக் கூடும், நாமாகக் கூட்டத் தேவையில்லை.

இவையெல்லாம் எதற்கு என்று எங்கள் ஊர் ஆட்டக்காரர்களுக்கு ஜூன் மாதம் பிறந்ததும் தெரிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் ஆகஸ்ட் வரை ஓயாது. அந்தக் காற்று தவறான அடியை மன்னிப்பதில்லை. தொழில்முறை ஆண்களின் 7 அயர்ன் பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 முறை பின்னோக்கிச் சுழல்கிறது, டிரைவர் பந்து 2,700 முறை போல. இந்தச் சுழற்சிதான் பந்தைத் தூக்கிப் பிடிக்கிறது. எதிர்க்காற்றில் அந்தத் தூக்கும் விசை இன்னும் கூடுகிறது. டிரைவர் முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டுச் சுழற்சி கூடிய பந்து எதிர்க்காற்றில் ஏறி, ஏறி, ஓரிடத்தில் நின்று, அப்படியே கீழே விழும். காற்றை எதிர்த்துப் பலமாக அடிக்க முயல்வது நிலைமையை மோசமாக்கும், ஏனெனில் பலமான அடி சுழற்சியையும் கூட்டும். எதிர்க்காற்றில் 150 யார்டு இருந்தால் நான் 7 அயர்னை வைத்துவிட்டு 5 அயர்னை எடுப்பேன். கைப்பிடியில் இரண்டு விரல் கீழே பிடித்து, முக்கால் வீச்சு. தாளம் மட்டும் அதே 56. வீச்சு குறுகியதால் அவசரப்பட வேண்டியதில்லை, காற்று அடிப்பதால் வேகப்படுத்த வேண்டியதும் இல்லை. பந்து தாழ்வாகப் போய்ச் சேரும்.

ஊட்டி மைதானம் வேறொரு பாடம். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்து சமவெளியில் போவதைவிடக் கிட்டத்தட்ட பத்து சதவீதம் அதிக தூரம் போகும். அதை நம் திறமை என்று எண்ணிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. ஊட்டியின் உண்மையான பரிசு அதன் சரிவுகள். ஒரு பாதம் மேலே, ஒரு பாதம் கீழே என்று நின்று அடிக்கும்போது பலத்தைக் காட்ட முயன்றால் சமநிலை போய்விடும், மட்டை பந்தின் நடுவைத் தொடாது. வேறு வழியின்றி உடம்பு அடங்கி, தாளத்துக்குள் வந்துவிடுகிறது. சமவெளியிலேயே இந்தப் பாடத்தைப் பெற விரும்புகிறவர்கள், இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்துக்கொண்டு 8 அயர்னால் அரை வீச்சில் பந்தடியுங்கள். தடுமாறாமல் அடிக்க முடிகிற வேகம்தான் உங்கள் உடம்பு இப்போது கையாளக்கூடிய வேகம். முழு வீச்சில் அடித்ததில் முக்கால்வாசித் தூரம் இந்த நிலையிலேயே போவதைப் பார்க்கும்போது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

புது டிரைவர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆறு மாதம் பொறுங்கள் என்பதுதான். முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு விதிமுறையில் வரம்பு உண்டு, நல்ல நிறுவனங்களின் மட்டைகள் எல்லாம் அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டு பல வருடங்களாகிவிட்டன. அரை லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் மட்டையின் ஹீலில் பட்டாலும் அது ஹீல் அடிதான். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை நல்ல பயிற்றுநர் ஒருவரிடம் நான்கைந்து வகுப்புக்குக் கொடுங்கள். மீதியை மைதானத்தில் செலவழியுங்கள். செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஷாஃப்டின் நீளத்தைக் கவனியுங்கள். கடைகளில் இப்போது விற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல். ஒரு அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பாருங்கள். அடையாளங்கள் நடுவில் நெருங்கினால், அந்த ஒரு அங்குலம் உங்களுக்குத் தேவையில்லை.

என் பயிற்சி நேரம் இப்போது இப்படிப் போகிறது. முதலில் உடம்பு சூடாகும்வரை பந்தில்லாமல் தகதிமி. பிறகு 9 அயர்னில் இடுப்பளவு வீச்சு, கோலமாவுக் கோட்டின் மேல். பிறகு 7 அயர்ன். டிரைவரைக் கூடையின் கடைசிப் பகுதிக்குத்தான் எடுப்பேன், அதுவும் ஒவ்வொரு பந்துக்கும் மை வைத்து. களைப்பு வந்து அடையாளங்கள் சிதறத் தொடங்கினால் கூடையில் பந்து மீதமிருந்தாலும் நிறுத்திவிடுவேன், களைத்த உடம்பு தவறான வரிசையைப் பழகிக்கொள்ளும். பயிற்சிப் பந்துகள் எவ்வளவு தூரம் போகின்றன என்று கணக்கு வைப்பதில்லை. அடிபட்டுத் தேய்ந்த பந்துகள் உண்மையான தூரத்தைக் காட்டுவதில்லை.

5 அயர்ன் தேவைப்பட்ட அந்த கிரீனுக்கு இப்போது மறுபடியும் 7 அயர்ன் போதுமாக இருக்கிறது, காற்று இல்லாத காலைகளில். அடுத்து நான் பிடித்திருப்பது வெட்டிய புல்வெளியான ஃபேர்வேயில் டீ இல்லாமல் அடிக்கும் 3 வுட். நீளமான ஷாஃப்ட், சாய்வு குறைந்த முகம், தரையில் கிடக்கும் பந்து. தாழ்ந்த புள்ளி பந்துக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். அயர்ன் போல ஆழமாக இறங்கவும் கூடாது, டிரைவர் போல மேலேறவும் கூடாது. புல்லை ஒரு நூலளவு உரசிக்கொண்டு போக வேண்டும். இந்த மட்டைக்கு 56 தட்டு எனக்குச் சற்று அதிகமாகத் தெரிகிறது, 54இல் அடையாளங்கள் நெருங்குகின்றன. காற்றுக் காலம் தொடங்குவதற்குள் எது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கோலமாவு இன்னொரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன்.